ஆபரேஷன் சக்சஸ்... இன்ஃபெக்ஷன் யார் கணக்கில்?

"ஆபரேஷன் சக்சஸ், ஆனா பேஷண்ட் அவுட்!"

இந்த ஜோக்கைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. வாரப் பத்திரிகைகளில் டாக்டர் ஜோக்காக ஆயிரம் தடவை வந்தாச்சு. சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவதோடு சரி. ஆனால் கல்லீரல் அறுவை சிகிச்சை விஷயத்தில் இது ஜோக்கே இல்லை மக்களே. கிட்டத்தட்ட அப்படியே நடக்கிற சமாச்சாரம்.

செய்தித்தாளில் அடிக்கடி வரும் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நடுவில் சக்கர நாற்காலியில் மாஸ்க் போட்ட நோயாளி. பின்னால் வரிசையாக வெள்ளைக் கோட்டுகள். ஓரத்தில் ஒரு பூங்கொத்து. "பன்னிரண்டு மணி நேரம் போராடி மருத்துவக் குழு சாதனை" என்று தலைப்பு. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுவார்கள். அதற்கு அடுத்த பன்னிரண்டு வாரத்தைப் பற்றி? ஒரு வரி கிடையாது.

இன்றைக்குக் கல்லீரல் அறுவையில் மேஜை மீதே உயிர் போவது ரொம்பக் குறைவு. ரத்தக் கசிவைக் கட்டுப்படுத்தும் கருவிகள், மயக்க மருந்து, ஸ்கேன் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. உயிர் போவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான். ஐ.சி.யூ.வில், வார்டில், சில சமயம் வீட்டுக்குப் போன பிறகு. அதற்கு முக்கியமான இரண்டு காரணங்கள்: மிச்சமிருக்கும் கல்லீரல் தாக்குப் பிடிக்காமல் போவது, அப்புறம் நோய்த்தொற்று. இந்த இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். ஒன்று வந்தால் மற்றொன்றைக் கையைப் பிடித்து இழுத்து வரும்.

ஏன் கல்லீரலுக்கு மட்டும் இப்படி? அப்பெண்டிக்ஸை எடுத்தால் வராத வம்பு இங்கே ஏன் வருகிறது? இதைப் புரிந்துகொள்ளாமல் ஆஸ்பத்திரியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அதனால் முதலில் கொஞ்சம் உயிரியல். (பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்து பயாலஜியில் இருந்து தப்பித்தவர்களும் பொறுத்துக்கொள்ளவும்.)

கல்லீரல் என்றால் சாராயத்தை வடிகட்டும் உறுப்பு என்றுதான் பலருக்கும் தெரியும். உண்மையில் அது ஒரு செக்போஸ்ட். நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் அதற்குள் போகிறது. அதில் நான்கில் மூன்று பங்கு இதயத்தில் இருந்து நேராக வருவதில்லை, போர்ட்டல் சிரை வழியாகக் குடலைச் சுற்றிவிட்டு வருகிறது. குடல் எப்படிப்பட்ட இடம்? கோடானு கோடி பாக்டீரியா குடியிருக்கும் ஊர். அந்த ஊரில் இருந்து வரும் லாரி ஒவ்வொன்றையும் நிறுத்தி, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, கள்ளச்சரக்கைப் பிடுங்கிக்கொண்டுதான் உடம்புக்குள் விட வேண்டும். அதைச் செய்கிறவை கூப்ஃபர் செல்கள். 1876-ல் இவற்றைப் பற்றி எழுதிய ஜெர்மன் உடற்கூறு நிபுணரின் பெயர் அது. உடம்பின் திசுக்களில் நிரந்தரமாகக் குடியிருக்கும் கிருமி விழுங்கி செல்களில் 80 முதல் 90 சதவீதம் கல்லீரலில்தான் இருக்கின்றன. மொத்தப் போலீசையும் ஒரே சாவடியில் நிறுத்தி வைத்த மாதிரி!

அது மட்டுமல்ல. கிருமியின் மேல் ஒட்டி "இவன்தான் திருடன்" என்று அடையாளம் காட்டும் காம்ப்ளிமென்ட் புரதங்களில் பெரும்பகுதி தயாராவதும் கல்லீரலில்தான். ஆல்புமின் அங்கேதான். ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களில் பெரும்பாலானவை அங்கேதான்.

இப்போது ஒருவருக்குக் கல்லீரலில் புற்றுக்கட்டி. வலது பக்கம் முழுவதையும் எடுக்க வேண்டும். ஆரோக்கியமான கல்லீரல் என்றால் 25, 30 சதவீதம் மிஞ்சினாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அறுவை நிபுணர்களின் கணக்கு. சிரோசிஸ் வந்து இறுகிப்போன கல்லீரல் என்றால் குறைந்தது 40 சதவீதமாவது வேண்டும். வெட்டினால் கல்லீரல் மறுபடி வளரும் என்பது நிஜம். பல்லி வால் மாதிரி என்று சொல்வார்கள். உருவம் பழையபடி வராது, ஆனால் அளவு வரும். அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே நடந்துவிடும்.

பிரச்சனையே அந்தச் சில வாரங்கள்தான். செக்போஸ்டில் பத்து போலீஸ் இருந்த இடத்தில் மூன்று பேர். வரும் லாரியின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. அதே போர்ட்டல் ரத்தம் முழுவதும் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலுக்குள் முட்டி மோதிக்கொண்டு நுழைகிறது. அந்த மூன்று பேரும் காவலும் காக்க வேண்டும், இடிந்த சாவடியைக் கட்டவும் வேண்டும். இந்த நேரத்தில் வெட்டிய இடத்தில் பித்தநீர் கொஞ்சம் கசிந்து தேங்கினால் போதும், கிருமிக்கு அது குளம். வலி தாங்காமல் நோயாளி ஆழமாக மூச்சு இழுக்காமல் படுத்திருப்பார். வலது நுரையீரலின் அடியில் நீர் கோக்கும், நிமோனியா வரும். கழுத்தில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். ஒவ்வொரு குழாயும் தோல் என்னும் மதில் சுவரில் போட்ட ஓட்டை.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. உடம்பில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் சி.ஆர்.பி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார்களே, அந்தப் புரதத்தைத் தயாரிப்பதே கல்லீரல்தான்! பெரும்பகுதியை வெட்டி எடுத்த பிறகு உள்ளே தொற்று இருந்தாலும் சி.ஆர்.பி. எதிர்பார்த்த அளவுக்கு ஏறாமல் போகலாம். திருடன் நுழைந்தது சாவடிக்குள்தான், அலாரம் மணி இருந்ததும் அதே சாவடியில்தான். எனவே ரிப்போர்ட் தாளை மட்டும் பார்க்கும் டாக்டர் ஏமாந்துபோவார். நோயாளியையும் பார்க்கும் டாக்டர் பிழைக்க வைப்பார்.

2005-ல் பாரிஸ் அருகே உள்ள போஜோன் ஆஸ்பத்திரிக் குழு ஒரு கணக்குச் சொன்னது. அறுவைக்குப் பிறகு ஐந்தாம் நாள் ரத்தம் உறையும் திறன் 50 சதவீதத்துக்குக் கீழேயும், பிலிருபின் லிட்டருக்கு 50 மைக்ரோமோலுக்கு மேலேயும் இருந்தால் அந்த நோயாளிகளில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. ஐந்தாம் நாள்! பூங்கொத்து வாடி, போட்டோகிராபர் வேறு வேலைக்குப் போயிருக்கும் நாள்.

இது பாதியை வெட்டும் கதை. முழுக் கல்லீரலையே மாற்றும் கதை இன்னும் ஒரு படி மேலே.

மாற்று அறுவையில் செக்போஸ்ட் போலீசை டாக்டரே வேண்டுமென்று நிராயுதபாணி ஆக்குகிறார். வேறு வழியில்லை. புதுக் கல்லீரலைப் பார்த்ததும் உடம்பு "யாருடா நீ?" என்று பாயும். அதைத் தடுக்க எதிர்ப்பு சக்தியை மருந்து கொடுத்து அடக்க வேண்டும். 1963 மார்ச் 1-ம் தேதி அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் உலகின் முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தார். மூன்று வயதுக் குழந்தை, ரத்தம் நிற்காமல் மேஜையிலேயே இறந்தது. அடுத்து வந்தவர்கள் சில வாரங்களைத் தாண்டவில்லை. 1967-ல்தான் நீண்ட நாள் உயிர் பிழைத்தவர்கள் என்று சொல்லும்படி ஆனது. அப்போதும் ஒரு வருடம் தாண்டியவர்கள் சுமார் 30 சதவீதம்தான். உடம்பு உறுப்பை நிராகரிக்கும், அதை அடக்க மருந்தை ஏற்றினால் தொற்று கொல்லும். இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் பள்ளம்.

1980-களில் சைக்ளோஸ்போரின் வந்து ஒரு வருட ஆயுளை 70 சதவீதத்துக்குக் கொண்டு போனது. 1984-ல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியில் இருந்து டாக்ரோலிமஸ் கிடைத்தது. இன்று கல்லீரல் மாற்றியவர்களில் பெரும்பாலானோர் காலையும் இரவும் விழுங்கும் மாத்திரை அதுதான். இந்தியாவில் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று 1998 நவம்பரில் டெல்லியில் நடந்தது. தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்த 20 மாதக் குழந்தையின் ஊர் எது தெரியுமா? நம்புங்கள், காஞ்சிபுரம்! அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டருக்கே படித்தது. இப்படிப்பட்ட கதைகள் இருப்பதால்தான் கோபமும் அதிகமாக வருகிறது. இத்தனை தூரம் கொண்டுவந்த உயிரை ஒரு கழுவாத கை கொண்டுபோனால் எப்படி இருக்கும்?

மாற்று அறுவைக்குப் பிந்தைய தொற்றுக்கு ஒரு காலண்டரே உண்டு. முதல் மாதம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கிருமிகள்: புண், குழாய், நுரையீரல், பித்தக் கசிவு. ஒன்று முதல் ஆறு மாதம் வரை மருந்தின் அடக்குமுறை உச்சத்தில் இருக்கும். அப்போது சைட்டோமெகலோ வைரஸ், பூஞ்சைகள், தூங்கிக்கொண்டிருந்த காசநோய் எல்லாம் எழுந்து வரும். அதற்கப்புறம் மற்றவர்களுக்கு வரும் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்குதான் இவர்களுக்கும், ஆனால் இரட்டை வேகத்தில். இந்தக் காலண்டரைக் கவனியுங்கள். முதல் மாதத்துக் கிருமியை நோயாளி வீட்டில் இருந்து கொண்டுவருவது குறைவு. அது ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது.

சரி, இப்போது காமர்ஸ்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் பிராசஸ் காஸ்டிங் படித்தவர்களுக்கு நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் ஞாபகம் இருக்கும். ஆயிரம் கிலோ மூலப்பொருள் போட்டால் ஐம்பது கிலோ ஆவியாகத்தான் போகும். தவிர்க்க முடியாது. அது நார்மல் லாஸ். அந்தச் செலவை நல்ல சரக்கின் விலையிலேயே ஏற்றிவிடலாம். ஆனால் வேலையாளின் அலட்சியத்தால் இன்னும் முப்பது கிலோ கொட்டிப்போனால் அது அப்நார்மல் லாஸ். அதைச் சரக்கின் தலையில் கட்டக் கூடாது. தனியாகப் பிரித்து நிறுவனத்தின் லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். ஏன் பிரிக்கச் சொல்கிறார்கள்? நஷ்டத்துக்குப் பெயர் வைத்துத் தனி வரியில் எழுதினால்தான் முதலாளி "இது ஏன்?" என்று கேட்பார். சேர்த்து எழுதினால் யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரிகள் செய்வது என்ன? எல்லாவற்றையும் நார்மல் லாஸ் ஆக்கி, நோயாளி என்னும் சரக்கின் தலையிலேயே கட்டுகின்றன. "இவ்வளவு பெரிய ஆபரேஷன் சார், இன்ஃபெக்ஷன் வரத்தான் செய்யும்." முடிந்தது கதை. பேக்கேஜில் இத்தனை நாள் ஐ.சி.யூ., இத்தனை நாள் வார்டு என்று போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் தனி பில். கிருமி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்த பில்லில் இல்லை. ஓட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்டவனிடம் அந்த ஓட்டல்காரரே மருந்துக்கும் காசு வாங்குகிற மாதிரி!

இன்ஃபெக்ஷன் எல்லாமே அலட்சியம் என்று யாரும் சொல்லவில்லை. மேலே சொன்ன மூன்று போலீஸ் கதைப்படி ஒரு பகுதி தவிர்க்க முடியாததுதான். ஆனால் எந்தப் பகுதி? அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் குழு ஐந்தே ஐந்து விஷயங்களைக் கட்டாயமாக்கியது. கை கழுவு. ரத்தக்குழாயில் டியூப் போடும்போது நோயாளியை முழுசாகத் துணியால் மூடு, நீயும் கவுன், கையுறை போடு. தோலை குளோர்ஹெக்ஸிடின் கொண்டு துடை. முடிந்தவரை தொடைப்பக்கம் டியூப் போடாதே. தேவை முடிந்ததும் டியூபை எடு. அவ்வளவுதான். புது மருந்து இல்லை, ரோபோ இல்லை. 2006-ல் முடிவு வெளியானது. ஆயிரம் டியூப் நாட்களுக்கு 2.7 என்று இருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. ஒன்றரை வருடம் கழித்தும் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தே இருந்தது. "வரத்தான் செய்யும்" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த நார்மல் லாஸில் பெரும்பகுதி அப்நார்மல் லாஸ் என்று அன்றைக்கு நிரூபணம் ஆனது.

(வியன்னாவில் செம்மல்வைஸ் 1847-லேயே கை கழுவச் சொன்னார். பிரசவ வார்டில் சாவு சரேலென்று குறைந்தது. சக டாக்டர்கள் அவரைக் கேலி செய்தார்கள். அவர் கடைசியில் மனநல விடுதியில், புண்ணில் தொற்று ஏறித்தான் இறந்தார். சில விஷயங்கள் மாறவே மாறாது போல.)

2008 அக்டோபர் முதல் அமெரிக்க அரசின் மெடிகேர், டியூப் வழியே வந்த தொற்று உட்பட ஆஸ்பத்திரியிலேயே தொற்றிக்கொண்ட சில பாதிப்புகளுக்குக் கூடுதல் பணம் தர முடியாது என்று அறிவித்தது. அந்த விதியால் மட்டும் தொற்று குறையவில்லை என்று 2012-ல் ஓர் ஆய்வு சொன்னது, உண்மைதான். ஆனால் யார் பணம் கட்டுவது என்ற நியாயமாவது சரியானது.

இங்கே? பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஆஸ்பத்திரி நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். எல்லாம் இணையத்திலேயே இருக்கின்றன. ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்குச் சராசரி வருமானம் எவ்வளவு, அது போன வருடத்தைவிட எத்தனை சதவீதம் ஏறியது, எத்தனை படுக்கை நிரம்பியது, ஒரு நோயாளி சராசரியாக எத்தனை நாள் தங்கினார் எல்லாம் வண்ணப் படத்தோடு இருக்கும். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 134-ன்படி இயக்குநர் அறிக்கையில் மின்சாரத்தை எப்படிச் சேமித்தோம் என்று எழுதியே ஆக வேண்டும். சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் கம்பெனிகள் எவ்வளவு தண்ணீர் செலவழித்தோம் என்றும் 2022-23 முதல் செபிக்குச் சொல்லியாக வேண்டும். தண்ணீருக்குக் கணக்கு உண்டு, கரண்டுக்குக் கணக்கு உண்டு. ஆபரேஷன் முடிந்து எத்தனை பேருக்குப் புண்ணில் சீழ் பிடித்தது? அதைச் சொல்லச் சொல்லி ஒரு சட்டமும் கேட்கவில்லை. ஷேர் வாங்குகிறவனுக்குச் சொல்வதில் பத்தில் ஒரு பங்கு கூட உயிரைக் கொடுக்கிறவனுக்குச் சொல்வதில்லை.

என்.ஏ.பி.எச். தரச்சான்று வாங்கிய ஆஸ்பத்திரிகள் தொற்று விகிதத்தைக் குறித்து வைக்கத்தான் செய்கின்றன. அதாவது எண் இருக்கிறது! ஃபைலுக்குள் இருக்கிறது. ஊருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை. தமிழ்நாட்டில் எத்தனை கல்லீரல் மாற்று நடந்தது என்ற எண்ணிக்கை கிடைக்கிறது. எந்த ஆஸ்பத்திரியில், ஒரு வருடம் கழித்து, எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்று ஒரு சாமானியன் தேடிப் பார்க்கட்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாற்று அறுவை மையத்துக்கும் அந்த எண்ணை எஸ்.ஆர்.டி.ஆர். என்ற பதிவகம் பகிரங்கமாக வெளியிடுகிறது. பிரிட்டனிலும் அப்படித்தான்.

உடனே ஓர் எதிர்வாதம் வரும். "எண்ணை வெளியிட்டால் கஷ்டமான கேஸை எவனும் எடுக்க மாட்டான். நல்ல நிலையில் இருப்பவனாகப் பார்த்து ஆபரேஷன் செய்து பெயர் வாங்குவான்." இது வெறும் சாக்கு இல்லை, இதில் நிஜம் உண்டு. அமெரிக்காவிலேயே எண் குறைந்தால் அங்கீகாரம் போகும் என்ற பயத்தில் மையங்கள் பின்வாங்கின. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள்? நோயாளியின் நிலைமையைக் கணக்கில் எடுத்து, எதிர்பார்க்கக்கூடிய சாவு எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று ஒப்பிடும் முறையை வைத்திருக்கிறார்கள். 2019-ல் அங்கீகாரப் புதுப்பிப்புக்கு அந்த எண்ணைப் பார்க்கும் விதியை நீக்கினார்கள். வெளியிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. தண்டனை வேறு, கணக்கு வேறு. தணிக்கை செய்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று எந்த வியாபாரியும்தான் சொல்வான். அதற்காக ஆடிட்டரை வேண்டாம் என்றா சொல்வார்கள்?

எண்ணைக் கண்டு பயப்படும் இந்த வியாதிக்கு 2010-ஐ விட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கார்பபெனெம் என்னும் வலுவான ஆன்டிபயாடிக்கையே முறித்துப் போடும் என்.டி.எம்-1 என்ற நொதியைச் சுமக்கும் பாக்டீரியாக்கள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா - பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னைப் பையன் உலகத்துக்கே அபாய மணி அடித்திருக்கிறான் என்று கொண்டாட வேண்டிய விஷயம். நடந்தது என்ன? டெல்லியின் பெயரை வைத்தது அவமானம், மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் வெளிநாட்டுச் சதி என்று நாடாளுமன்றம் வரைக்கும் கூச்சல். நொதியின் பெயர்தான் பிரச்சனையாம், நொதி அல்ல!

அந்தக் கூச்சலுக்கு நடுவே உருப்படியாக நடந்த ஒன்றும் சென்னையில் இருந்துதான் வந்தது. 2012-ல் டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று, பல மருத்துவ அமைப்புகளைச் சேர்த்து, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்தும் "சென்னைப் பிரகடனம்" வெளியானது. சில ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்-1 அட்டவணை 2014-ல் அமலுக்கு வந்தது. சட்டப்படி வந்தது. கடைப்படி வந்ததா என்பதை அவரவர் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

கல்லீரல் நோயாளிக்கு இது ஏன் தலைபோகும் விஷயம்? கார்பபெனெம் வேலை செய்யாவிட்டால் மிஞ்சும் சில மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாற்று அறுவை செய்தவர் ஏற்கனவே விழுங்கும் டாக்ரோலிமஸும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காசநோய் வந்தால் ரிஃபாம்பிசின் கொடுக்கலாம், ஆனால் அது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைத் தரையில் தள்ளும், உறுப்பு நிராகரிக்கப்படும். "காய்ச்சலா? இந்தாங்க" என்று மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி எடுத்துத் தரும் கிளாரித்ரோமைசின் அதே டாக்ரோலிமஸை எகிற வைக்கும். இந்தக் கயிற்றின் மேல் நடக்கிற ஆளைத்தான் "அதான் ஆபரேஷன் சக்சஸ் ஆச்சே" என்று ஊர் வாழ்த்துகிறது.

ஊர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆஸ்பத்திரியை மட்டும் அடித்துவிட்டுப் போனால் அது பாதி நியாயம்.

கல்லீரல் ஆபரேஷன் என்றால் பெரியப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்ட மச்சான், அவர் வீட்டுப் பேரன் எல்லோரும் ஆப்பிள் பையோடு கிளம்பி வந்து பார்க்காவிட்டால் மரியாதைக் குறைவு! வாசலில் செக்யூரிட்டி தடுத்தால் சண்டை. "நான் யார் தெரியுமா?" தெரியும் ஐயா, மூன்று நாளாகச் சளி பிடித்த ஆள். உள்ளே போய்க் கையைப் பிடித்து, நெற்றியில் விபூதி வைத்து, "ஒண்ணும் கவலைப்படாதே" என்று முகத்துக்கு நேரே இருமிவிட்டு வந்தால்தான் திருப்தி.

அதைவிட மோசம் பத்தியம். மஞ்சள் காமாலை என்றதும் உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, முட்டை கூடாது, பருப்பு கூடாது, மோர் சாதம் மட்டும். மாதக்கணக்கில் இப்படிக் காய்ந்த மனிதர் தசையெல்லாம் கரைந்து எலும்பும் தோலுமாக ஆபரேஷன் மேஜைக்கு வருகிறார். ஊட்டம் இல்லாத உடம்பில்தான் புண் ஆறாது, தொற்று சீக்கிரம் ஏறும். சிரோசிஸ் நோயாளிக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தர வேண்டும் என்று ஐரோப்பியக் கல்லீரல் சங்கம் 2019-ல் சொன்னது. வயிற்றில் நீர் கோத்தால் உப்பைக் குறைப்பது சரி. பருப்பும் முட்டையும் என்ன பாவம் செய்தன?

கடைசியாக "எதிர்ப்பு சக்திப் பொடி". கொரோனா வந்த 2020-ல் இருந்து இம்யூனிட்டி என்று எழுதி ஒட்டினால் மாட்டுச் சாணியும் விற்கும் என்று ஆகிவிட்டது. அதில் பெரிய ஹீரோ சீந்தில் கொடி. அதைக் குடித்துக் கல்லீரல் வீங்கிய ஆறு பேரைப் பற்றி 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. 2022-ல் 13 மையங்களைச் சேர்ந்த டாக்டர்கள் 43 நோயாளிகளின் விவரத்தோடு வந்தார்கள். எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட்டதில் அது சொந்தக் கல்லீரலையே கடித்திருக்கிறது. இப்படிப்பட்ட பொடியை, எதிர்ப்பு சக்தியை அடக்குவதற்காகவே வாழ்நாள் முழுக்க மாத்திரை போடுகிறவருக்குப் பாசத்தோடு கலக்கிக் கொடுக்கிறார்கள். பிரேக்கில் ஒருவர் காலை வைத்திருக்க, ஆக்ஸிலேட்டரை இன்னொருவர் மிதிக்கிற வண்டி எங்கே போய் நிற்கும்?

ஆனால் வீட்டுக்காரர்களின் அறியாமையும் ஆஸ்பத்திரியின் மௌனமும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை அல்ல. அறியாமைக்கு ஒரு சாயங்காலம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தால் போதும். மௌனத்தை உடைக்க அரசு வேண்டும். இதில் தமிழ்நாடு அரசின் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று அறுவையும் வருகிறது. தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் அந்தப் பணம் போகிறது. அரசு இங்கே தர்மகர்த்தா மட்டுமல்ல, மொத்தக் கொள்முதல் செய்யும் வாடிக்கையாளர். தெருவில் கத்தரிக்காய் வாங்கும் பாட்டி கூடச் சொத்தை எத்தனை என்று புரட்டிப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறாள். மாற்று அறுவைக்குப் பிந்தைய 30 நாள் தொற்று, 90 நாள் இறப்பு, ஒரு வருட ஆயுள் என்ற மூன்று எண்களை, நோயாளியின் நிலைமைக்கு ஏற்பச் சரிசெய்து, வருடாவருடம் வெளியிட்டால்தான் திட்டத்தில் இடம் என்று ஒரு நிபந்தனை போடலாம். அரசு ஆஸ்பத்திரிகளையும் சேர்த்தே போடலாம், போட வேண்டும். புதுச் சட்டம் தேவையில்லை, ஒப்பந்தத்தில் ஒரு பத்தி போதும்.

இது நோயாளிக்கு மட்டும் உரிய பிரச்சனையாகவும் முடிந்துவிடுவதில்லை. இந்தியாவில் நடக்கும் கல்லீரல் மாற்றில் பெரும்பகுதி உயிரோடு இருப்பவர் தருவது. மனைவியோ, மகளோ, அம்மாவோ, தம்பியோ ஒருவர் தன் வலது பாதிக் கல்லீரலைக் கொடுக்கிறார், சுமார் 60 சதவீதம். அவருக்கு ஒரு வியாதியும் இல்லை. ஆபரேஷன் அவருக்கு எந்த நன்மையும் செய்யப்போவதில்லை. அதே செக்போஸ்ட், அதே மூன்று போலீஸ், அதே குழாய்கள், அதே வார்டு. ஆயிரம் பேரில் இரண்டு முதல் ஐந்து கொடையாளிகள் இறக்கலாம் என்பது உலக அளவில் சொல்லப்படும் கணக்கு. கையெழுத்துப் போடும் முன் அந்த உலகக் கணக்கை அவருக்குப் படித்துக் காட்டுகிறார்கள். அவர் படுக்கப்போகும் அந்தக் கட்டடத்தின் கணக்கை யாரும் காட்டுவதில்லை.